சினைப்பைப் புற்றுநோய்க் கட்டிக்கு உணவு தருவது யார்?

கோத்தகிரியிலிருந்து நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. உங்கள் அம்மாவுக்கு வயது 58. சினைப்பைப் புற்றுநோய், உயர்தர சீரஸ் எனப்படும் வேகமாக வளரும் வகை, மூன்றாம் நிலையில் 'சி' பிரிவு. கோவையில் அறுவை சிகிச்சையும், 21 நாளுக்கு ஒருமுறை வீதம் ஆறு சுற்றுக் கீமோவும் அண்மையில் முடிந்திருக்கின்றன. தொடக்கத்தில் எடுத்த பெட் ஸ்கேன் படத்தில் நோய் இருந்த இடமெல்லாம் ஒளிர்ந்ததைப் பார்த்த உறவினர் ஒருவர், "புற்றுநோய் சர்க்கரையைத் தின்றுதான் வளர்கிறது, சர்க்கரையையும் சோற்றையும் அடியோடு நிறுத்தி, நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையும் கொடுத்தால் அது பட்டினியில் செத்துவிடும்" என்று உறுதியாகச் சொல்கிறார். ஒரு வாரமாக அம்மா சோறு, உருளைக்கிழங்கு, பால் எதையும் தொடுவதில்லை. இந்த வழி சரியா, வளர்சிதை மாற்றத்தை, அதாவது செல் தன் உணவை ஆற்றலாகவும் உடற்பொருளாகவும் மாற்றும் வேலையைக் குறிவைக்கும் மருந்துகள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று கேட்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்று இப்போது குன்னூரில் வசிக்கிறேன். பணிக்காலத்தில் சில ஆண்டுகள் சினைப்பைப் புற்றுநோய்ச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தவள். அம்மாவுக்கு எந்த மருந்து என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் அவருடைய புற்றுநோய் மருத்துவரே. ஆனாலும் மற்றதெல்லாம் பிறகு இருக்கட்டும் என்று முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அம்மாவை இன்றைக்கே வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பச் சொல்லுங்கள். அவருக்கு நீரிழிவு இருந்தால் அதற்குரிய கட்டுப்பாடு வேறு விஷயம். அது இல்லையென்றால் இந்தப் பத்தியத்தால் கட்டிக்கு ஒரு குறையும் வராது, அம்மாவின் தசைக்குத்தான் வரும். சினைப்பைப் புற்றுநோய்க்கு வேண்டிய உணவில் பெரும்பங்கு, வயிற்றுக்குள் அதைச் சூழ்ந்திருக்கும் கொழுப்பும் நார்த்திசுவும் கோத்திருக்கும் நீரும் கொடுப்பது. ஆய்வாளர்கள் இன்று தடுக்க முயல்வது அந்த வழங்கலைத்தான்.

உறவினரின் பேச்சுக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல மாட்டேன். செல் வளர்க்கும் குடுவையில் ஊற்றும் ஊட்டநீரில் ஃபீனால் ரெட் என்ற நிறமி கலந்திருக்கும்; அதனால் அது இளஞ்சிவப்பாக இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை புதிய ஊட்டநீரை ஊற்றிவிட்டுப் போனால், புற்றுநோய்ச் செல்கள் நெருக்கமாக வளர்ந்திருக்கும் குடுவை திங்கட்கிழமை காலையில் எலுமிச்சை மஞ்சளாக மாறியிருக்கும். குடுவைக்குள் ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் அந்தச் செல்கள் குளுக்கோசை முழுவதும் எரிக்காமல், பாதி வழியிலேயே லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளியிருக்கின்றன என்பதற்கு அந்த மஞ்சள்தான் அடையாளம். ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களில் கட்டித் திசுக்களில் கண்டு சொன்னது இந்தப் பழக்கத்தைத்தான்.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இப்படிப் பாதியில் நின்றால் செல்லுக்குக் கிடைப்பது, ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி என்ற மூலக்கூறு இரண்டு. செல்லின் உலையான மைட்டோகாண்ட்ரியா வழியாக முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ 30. இவ்வளவு வீணாக்கும் செல் எப்படி மற்றவற்றைவிட வேகமாக வளர்கிறது என்ற கேள்விக்கு, மைட்டோகாண்ட்ரியா பழுதாகிவிட்டது என்பதே வார்பர்க் தந்த விளக்கம். பெரும்பாலான புற்றுநோய்களில் அந்த விளக்கம் பொருந்தவில்லை. வீடு கட்டிக்கொண்டிருப்பவர் வாங்கி வைத்த மரத்தையெல்லாம் அடுப்பில் போட்டுவிடுவதில்லை. பெருகும் செல்லும் அப்படித்தான், குளுக்கோசின் கரியணுக்களில் ஒரு பகுதியை எரிக்காமல் மரபணுப் பொருளும் சவ்வும் புரதமும் கட்டப் பயன்படுத்துகிறது, மைட்டோகாண்ட்ரியாவை வேறு எரிபொருளில் ஓட்டுகிறது. இந்த "வேறு எரிபொருள்" என்பதுதான் உங்கள் அம்மாவின் நோயில் முக்கியமான செய்தி.

இந்த இடத்தில் ஒருவரை நினைவுகூராமல் என்னால் மேலே செல்ல முடியாது. ஏடிபி என்ற மூலக்கூறை 1929இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து பிரித்தெடுத்தவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக அதைக் கண்டார். பின்னாளில் சுப்பாராவ் லெடர்லே நிறுவனத்தில் நடத்திய ஆய்வுக்குழு ஃபோலிக் அமிலத்தையும் அதற்கு எதிராகச் செயல்படும் அமினாப்டெரினையும் தயாரித்துத் தந்தது. அந்த மருந்தைக் கொண்டுதான் சிட்னி ஃபார்பர் 1948இல் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிவதைக் காட்டினார். புற்றுநோயின் வளர்சிதை மாற்றத்தைத் தாக்கிக் குணம் கண்ட முதல் மருத்துவம் என்று அதைச் சொல்லலாம். ஃபோலிக் அமிலம் உங்கள் அம்மாவின் கதையிலும் கடைசியில் வரும்.

இப்போது பெட் ஸ்கேன். அந்தப் பரிசோதனைக்கு முன் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். அம்மா காலையில் வெறும் வயிற்றோடுதான் மலையிறங்கியிருப்பார். கதிரியக்க ஃபுளோரின் பொருத்திய குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளை ஊசியில் ஏற்றுகிறார்கள். அது செல்லுக்குள் நுழைந்ததும் முதல் படியிலேயே சிக்கிக்கொள்கிறது. அதை நிறைய இழுத்த இடம் படத்தில் ஒளிர்கிறது. அம்மாவின் மூளையும் அந்தப் படத்தில் ஒளிர்ந்திருக்கும். அந்தப் படமே உறவினரின் வாதத்துக்கு எதிரான சான்று என்பது என் எண்ணம்: ஆறு மணி நேரப் பட்டினியிலும் கட்டி தன் பங்கைக் குறையாமல் இழுத்துக்கொண்டிருந்தது. நாம் உண்ணாவிட்டாலும் இரத்தத்தில் சர்க்கரை ஓரளவுக்குக் கீழே இறங்க உடல் விடாது. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்தும், அது தீர்ந்த பின் தசையைக் கரைத்து வரும் அமினோ அமிலங்களிலிருந்தும் குளுக்கோசைச் செய்து ஊற்றிக்கொண்டே இருக்கும். பட்டினியால் இன்சுலின் குறைகிறது, அதனால் சில வகைக் கட்டிகளில் மருந்து நன்றாக வேலை செய்யுமா என்று பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன. அவை மருத்துவர் கண்காணிப்பில் நடக்கும் சோதனைகள், வீட்டில் சோற்றை நிறுத்துவதற்கான அனுமதி ஆகாது.

எங்கள் தெருவில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை இதே அறிவுரையை நம்பினார். கீமோ தொடங்கிய புதிதில் அரிசியும் பாலும் பழமும் நிறுத்தினார். முதலில் மணிக்கட்டில் நின்ற வளையல் இரண்டு மாதத்தில் கையை உயர்த்தினால் முழங்கை வரை இறங்கிப் போய் நின்றதை நான் பார்த்தேன். அவர் அதைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொள்வார். ஒரு சுற்றுக்காக இரண்டு முறை மலையிறங்கிப் போய், இரத்த அணுக்களின் எண்ணிக்கை போதவில்லை என்று மருந்து ஏற்றாமலேயே திரும்பி வந்தார்கள். எண்ணிக்கை குறைந்ததற்குக் கீமோவே முதற்காரணமாக இருந்திருக்கலாம். மெலிவு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உணவைத் திரும்பத் தொடங்கிய பிறகுதான் அவரால் மாடிப்படி ஏற முடிந்தது. அந்த இரண்டு மாதத்தை அவரிடமிருந்து பறித்தது நோய் இல்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இனி நோயின் இருப்பிடத்துக்கு வருகிறேன். சினைப்பையின் மேல்திசுப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு உங்கள் அம்மாவுக்கு வந்திருக்கும் உயர்தர சீரஸ் வகையே. பெயரில் சினைப்பை இருந்தாலும் இதில் பெரும்பகுதி கருக்குழாயின் விரல் போன்ற நுனியில் தொடங்குகிறது என்பது கடந்த இருபதாண்டுகளில் தெளிவாகியிருக்கிறது. பிற புற்றுநோய்கள் பெரும்பாலும் இரத்தத்தின் வழியாகத் தொலைதூரம் போகும். இதுவோ செல்களை உதிர்த்து வயிற்றறையில் உள்ள நீரில் மிதக்கவிடுகிறது. அவை போய் ஒட்டிக்கொள்வதற்கு மிக விரும்பும் இடம், இரைப்பையிலிருந்து குடலின் முன்னால் திரை போலத் தொங்கும் ஒமென்டம் என்ற கொழுப்பு மடிப்பு. ஆட்டிறைச்சிக் கடையில் வயிற்றைத் திறந்ததும் குடலைப் போர்த்தி வெள்ளை வலையாக விரிந்திருக்கும் கொழுப்பைப் பார்த்திருப்பீர்கள். மனிதரில் அதுவே மஞ்சளாக, மெத்தென்று இருக்கும். நோய் ஏறிய பிறகு அது சுருங்கிக் கெட்டியாகி, அடை போல ஒரே பலகையாகிவிடும். அம்மாவின் அறுவைக் குறிப்பில் ஒமென்டத்தை அகற்றியதாக எழுதியிருப்பதற்குக் காரணம் இதுவே.

அந்தப் பலகையை நுண்ணோக்கியில் பார்த்தால், முன்பு கொழுப்புச் செல்கள் நிறைந்திருந்த இடத்தில் அவை பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அவை எங்கே போயின என்பதற்கு விடை தந்தது 2011இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் லெங்கியெலின் குழு வெளியிட்ட ஆய்வு. ஒமென்டத்தின் கொழுப்புச் செல்கள் இன்டர்லூக்கின் 8 போன்ற சைகைப் பொருள்களை வெளியிட்டுப் புற்றுநோய்ச் செல்களைத் தம் பக்கம் ஈர்க்கின்றன. அருகில் வந்த புற்றுநோய்ச் செல்கள், கொழுப்புச் செல்லைத் தன் சேமிப்பைக் கரைத்துக் கொழுப்பு அமிலங்களாக வெளியே விடும்படி தூண்டுகின்றன. அவற்றை வாங்கிக்கொண்டு மைட்டோகாண்ட்ரியாவில் எரித்துப் பெருகுகின்றன. இந்தக் கைமாற்றத்தில் எஃப்ஏபிபி4 என்ற கொழுப்புச் சுமக்கும் புரதம், கொழுப்புச் செல்லும் புற்றுநோய்ச் செல்லும் தொட்டுக்கொள்ளும் எல்லையில்தான் நிறைய இருந்தது. அந்தப் புரதம் இல்லாத எலிகளில் கட்டி மிகக் குறைவாகவே வளர்ந்தது. கொழுப்பு அமிலம் உள்ளே நுழையும் வாசலான சிடி36 என்ற புரதத்தை அடைத்தாலும் எலிகளில் நோய்ப் பரவல் குறைந்ததாக அதே குழு பின்னர் காட்டியது.

உறவினரின் அறிவுரைக்கும் உண்மைக்கும் உள்ள தூரம் இங்கேதான் தெரிகிறது. சர்க்கரையை மட்டும் தின்னும் நோய் என்று அவர் சொல்வது, ஒரு கொழுப்புக் களஞ்சியத்தின் நடுவில் குடியேறி அதைக் கரைத்து உண்ணும் நோய். அந்தக் களஞ்சியம் அம்மாவின் பல ஆண்டுச் சேமிப்பு. ஒரு வாரமோ ஒரு மாதமோ தட்டில் எதைக் குறைத்தாலும் அந்தக் கதவு மூடாது. சொல்லப்போனால், சாப்பிடாதபோது உடல் தன் கொழுப்பை இன்னும் அதிகமாகக் கரைத்து இரத்தத்தில் விடும். அதனால் நோய் பெருகும் என்று நான் அச்சுறுத்தவில்லை. அப்படிச் சொல்லச் சான்று இல்லை. பட்டினியைக் கட்டிக்கு மட்டும் போட முடியாது என்பதே நான் சொல்வது.

கொழுப்புச் செல்லுக்கு அடுத்த அண்டைவீட்டுக்காரர், காயத்தை ஆற்றும் வேலையில் இருக்க வேண்டிய ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார்த்திசுச் செல். கட்டி இதைத் தன் பக்கம் இழுத்து வேலைக்கு வைத்துக்கொள்கிறது. 2016இல் அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் தீபக் நாகரத்தின் குழு, சினைப்பைப் புற்றுநோயின் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் தமக்குக் கிடைக்கும் வேறு கரியும் நைட்ரஜனும் கொண்டு குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரித்துப் புற்றுநோய்ச் செல்லுக்குக் கொடுப்பதைக் காட்டியது. எலிகளில் தயாரிப்பவரின் நொதியையும் உண்பவரின் நொதியையும் ஒரே நேரத்தில் அடைத்தபோது கட்டியின் எடையும் பரவலும் குறைந்தன. இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனெனில் குடுவையில் புற்றுநோய்ச் செல்லைத் தனியாக வளர்த்து, அதன் ஊட்டநீரில் குளுட்டமினை எடுத்துவிட்டு, செல் செத்தது என்று மகிழ்ந்த எங்களைப் போன்றவர்கள் கவனிக்கத் தவறியதை இது எடுத்துக் காட்டியது. வயிற்றுக்குள் அந்தச் செல் தனியாக இருப்பதே இல்லை.

லெங்கியெலின் குழு 2019இல் இன்னொரு நொதியைச் சுட்டியது. என்என்எம்டி என்ற அந்த நொதி ஃபைப்ரோபிளாஸ்டுக்குள் மெத்தில் தொகுதிகளைச் செலவழித்துத் தீர்க்கிறது; அதனால் எந்த மரபணு திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்ற குறியீடு மாறி, சாதுவான நார்ச்செல் கட்டிக்குத் துணைபோகும் செல்லாக உருமாறுகிறது. எலிகளில் இந்த நொதியைத் தடுத்தபோது அந்த உருமாற்றம் ஓரளவு திரும்பியது, கட்டியும் சுருங்கியது. ஒரு செல்லைக் கொல்லாமல் அதன் மனத்தை மாற்றும் மருத்துவம் என்பதால் நான் மிகவும் எதிர்பார்ப்பது இந்தத் திசையை. அதற்கான மருந்துகள் இன்னும் ஆய்வக நிலையிலேயே உள்ளன.

மூன்றாவது, வயிற்றில் கோக்கும் நீர். தொடக்கத்தில் அம்மாவின் வயிறு உப்பி, ஊசி போட்டு நீரை எடுத்திருப்பார்கள். வைக்கோல் நிறத்தில், சில நேரம் செம்மை கலந்து வரும் அந்த நீரில் புற்றுநோய்ச் செல்கள் சிறு சிறு கொத்துகளாக மிதக்கும். அவற்றோடு அவற்றை அழிக்க வந்த டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களும் மிதக்கும். வந்தும் அவை ஏன் வேலை செய்வதில்லை? நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட விடை இது: அந்த நீரில் டி செல்களால் குளுக்கோசைப் போதிய அளவு உள்ளே இழுக்க முடிவதில்லை, செல்லுக்குள் நெருக்கடிச் சைகை ஒன்று எழுந்து, மாற்று எரிபொருளான குளுட்டமினையும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வரவிடாமல் செய்துவிடுகிறது. அதாவது பசியால் வாடுவது காவலர்தான். எலிகளின் டி செல்களில் அந்தச் சைகையை நீக்கியபோது அவை மீண்டும் தாக்கின, எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. பிற புற்றுநோய்கள் சிலவற்றில் பெரும் பலன் தந்த பெம்ப்ரோலிஸுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது, மீண்டு வந்த சினைப்பைப் புற்றுநோயில் நூற்றில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கே கட்டி சுருங்கியது. அதற்கு இந்தப் பசியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து.

அப்படியானால் குளுட்டமினைத் தடுக்கும் மருந்து, மைட்டோகாண்ட்ரியாவை நிறுத்தும் மருந்து என்று கொடுத்துவிடலாமே என்று தோன்றும். முயன்றிருக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கண்ணியை அடைக்கும் ஐஏசிஎஸ்-010759 என்ற மருந்து எலிகளில் நன்றாகவே இருந்தது. மனிதரில் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது, கைகால் நரம்புகள் பாதிக்கப்பட்டன, கட்டிக்குப் போதிய அளவு கொடுப்பதற்கு முன்பே நிறுத்த வேண்டியதாயிற்று. நரம்பும் தசையும் இதயமும் அதே மைட்டோகாண்ட்ரியாவில்தான் வாழ்கின்றன. குளுட்டமினை உடைக்கும் நொதியைத் தடுக்கும் டெலாக்லெனாஸ்டாட், சிறுநீரகப் புற்றுநோயில் 444 பேரிடம் நடந்த சோதனையில் கூடுதல் பலன் எதையும் காட்டவில்லை. அந்த நொதி டி செல்லுக்கும் தேவைப்படுவது என்பதை மறந்துவிடக் கூடாது. டிரிப்டோஃபேன் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைச் சிதைக்கும் ஐடிஓ நொதிக்கு எதிரான மருந்தும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை.

இன்னொரு சிக்கல், ஒரே பெயர் கொண்ட நோய் எல்லோரிடமும் ஒரே பொருளை உண்பதில்லை. பாரிசில் உள்ள க்யூரி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல், உயர்தர சீரஸ் கட்டிகளைக் குளுக்கோசைப் பாதி எரிப்பவை, மைட்டோகாண்ட்ரியாவில் முழுவதும் எரிப்பவை என இரு வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். இரண்டாம் வகையினருக்கே கீமோ நன்றாக வேலை செய்தது. முழு எரிப்பில் விளையும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கீமோவின் கைக்கு வலு சேர்த்தது. அப்படிப்பட்ட ஒருவருக்கு மைட்டோகாண்ட்ரியாவை மட்டுப்படுத்தும் மருந்தைக் கீமோவோடு கண்மூடிக் கொடுத்தால் நன்மையைத்தான் மட்டுப்படுத்துவோமோ என்ற கேள்வி எனக்கு எழுகிறது. தெளிசெல் வகை என்ற இன்னொரு சினைப்பைப் புற்றுநோயின் கணக்கு இதிலிருந்து முற்றிலும் வேறு. அது அம்மாவுக்குப் பொருந்தாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

மெட்ஃபார்மினுக்கு வருகிறேன். நீரிழிவுக்கு மிக நல்ல, மலிவான, பழகிய மருந்து. அதை இகழ எனக்கு எந்தக் காரணமும் இல்லை. நீரிழிவு இல்லாத 38 சினைப்பைப் புற்றுநோய் நோயாளிகளுக்குக் கீமோவோடு இதைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2020இல் வந்தது. கட்டியின் மூலச்செல்கள் குறைந்ததாகவும், நோயாளிகள் எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் வாழ்ந்ததாகவும் அது சொன்னது. ஆனால் அதில் மருந்து வாங்காதவர்கள் என்று ஒப்பிடக் குலுக்கல் முறையில் பிரித்த குழு எதுவும் இல்லை. மார்பகப் புற்றுநோயில் நீரிழிவு இல்லாத 3,649 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஐந்தாண்டுகள் வரை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2022இல் வெளியானபோது, நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை என்றே தெரிந்தது. குடுவையில் புற்றுநோய்ச் செல்லைத் தடுக்க நாங்கள் ஊற்றும் மெட்ஃபார்மின் செறிவு, மாத்திரை சாப்பிடுபவரின் இரத்தத்தில் இருப்பதைப் போலப் பல நூறு மடங்கு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அம்மாவைப் பொறுத்து இதில் வேறு கவலைகளும் உள்ளன. மெட்ஃபார்மின் வெளியேறுவது சிறுநீரகத்தின் வழியாக. கீமோவில் தரும் கார்போபிளாட்டினும் அப்படியே, அதன் அளவையே சிறுநீரகத்தின் திறனைக் கொண்டுதான் கணக்கிடுகிறார்கள். சிறுநீரகம் தளர்ந்த நிலையில் மெட்ஃபார்மின் தேங்கினால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். சி.டி. ஸ்கேனுக்கு நிறமருந்து ஏற்றும்போது சிலருக்கு இதை நிறுத்தி வைக்க வேண்டியிருப்பதும் அதனால்தான். நீண்ட நாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் நரம்பு தளரும். பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை ஏற்றிய பிறகு டிசம்பர் உறைபனிக் காலையில் பாதம் மரத்துப்போவதாக நீங்கள் எழுதியிருப்பதோடு இன்னொரு மரப்பு சேர வேண்டாம். கடையில் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு தோல்விகளைச் சொன்ன பிறகு, வந்து சேர்ந்திருப்பவற்றையும் சொல்ல வேண்டும். வளர்சிதை மாற்ற மருந்துகள் என்று யாரும் அழைக்காவிட்டாலும் இரண்டு மருத்துவங்கள் அதன் ஓரத்தைத் தொட்டே வேலை செய்கின்றன. ஒன்று பார்ப் தடுப்பு மருந்துகள். பார்ப் நொதி, உடைந்த மரபணு இழையைச் செப்பனிடும்போது செல்லின் ஆற்றல் பரிமாற்றத்துக்கு அடிப்படையான என்ஏடி என்ற பொருளைச் செலவழிக்கிறது. ஒலாபாரிப் போன்ற மருந்து அந்த என்ஏடி உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. செப்பனிடும் இன்னொரு வழி ஏற்கெனவே பழுதாகியிருக்கும் செல், அதாவது அந்த வழிக்குத் தேவையான பிஆர்சிஏ மரபணுவில் பிறழ்வு கொண்ட செல், அதோடு மடிகிறது. உயர்தர சீரஸ் கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் அந்தச் செப்பனிடும் வழியில் ஏதேனும் ஒரு பழுது உண்டு. புதிதாக நோய் கண்டு கீமோவுக்குக் கட்டுப்பட்ட, பிஆர்சிஏ பிறழ்வு கொண்ட பெண்களில் நடந்த சோலோ-1 ஆய்வில், ஏழாண்டு முடிவில் ஒலாபாரிப் பெற்றவர்களில் 67 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 46.5 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள்.

மற்றொன்று, நான் முன்பு சொன்ன ஃபோலிக் அமிலம். ஃபோலேட்டை உள்ளே வாங்கிக்கொள்ள இந்தக் கட்டிகள் பலவற்றின் மேற்பரப்பில் ஃபோலேட் ஏற்பி ஆல்ஃபா என்ற புரதம் மிகுந்திருக்கும். நலமான திசுக்கள் பெரும்பாலானவற்றில் அது குறைவு. மிர்வெட்டுக்சிமாப் என்ற மருந்து அந்த ஏற்பியைப் பற்றிக்கொண்டு நஞ்சைக் கட்டிக்குள் எடுத்துச் செல்கிறது. கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துக்குக் கட்டுப்படாமல் நோய் திரும்பியவர்களில், அந்த ஏற்பி மிகுந்திருப்பவர்களுக்கு இது சராசரி வாழ்நாளை 12.75 மாதத்திலிருந்து 16.46 மாதமாக உயர்த்தியது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் முழு ஒப்புதல் பெற்றது. அம்மாவுக்கு இப்போது இது தேவையில்லை. தேவைப்படாமலே போகட்டும் என்று வேண்டுகிறேன்.

சாப்பாட்டைப் பற்றி. ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல், புற்றுநோயாளிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், ஒரு கிராமுக்கு மேல் ஒன்றரை கிராம் வரை புரதமும் தேவை என்கிறது. மெலியும் அபாயம் உள்ளவர்கள் உணவைச் சுருக்கும் பத்தியங்களை மேற்கொள்ள வேண்டாம் என்றும் சொல்கிறது. அம்மா 50 கிலோ என்றால் நாளுக்கு 50 முதல் 75 கிராம் புரதம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு, நூறு கிராம் உலர்ந்த பருப்பில் இருபது கிராமுக்கு மேல். உங்கள் பக்கத்தில் அவரைக்குப் பஞ்சமில்லை; அவரைக் குழம்பும் சோறும், மாலையில் ஒரு முட்டையும், சர்க்கரை போட்ட தேநீரும் அவருக்குப் பிடிக்குமென்றால் கொடுங்கள். முடிந்த அளவு சரிவில்லாத பாதையில் நடக்கட்டும். தசை நிற்பதற்கு அதுவும் வேண்டும்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது வேறொன்று இருக்கிறது, அதற்குக் கால வரம்பும் உண்டு. பிஆர்சிஏ பரிசோதனையும், ஹெச்ஆர்டி எனப்படும் செப்பனிடும் குறைபாட்டுப் பரிசோதனையும் அம்மாவுக்குச் செய்யப்பட்டிருப்பதாக உங்கள் கேள்வியில் எங்கும் இல்லை. சோலோ-1 ஆய்வில் கடைசிக் கீமோ முடிந்து எட்டு வாரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கினார்கள். எனவே அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே கோவைக்குத் தொலைபேசியில் பேசுங்கள். அறுவையில் எடுத்த திசுவை மெழுகுக் கட்டியாக நோய்க்குறியியல் ஆய்வகத்தில் பாதுகாத்து வைத்திருப்பார்கள். அதைப் 'பிளாக்' என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். ஹெச்ஆர்டி பரிசோதனைக்கு அதுவே போதும், பின்னாளில் ஃபோலேட் ஏற்பியைப் பார்க்கவும் அதுவே உதவும். பிஆர்சிஏவுக்கு அதனுடன் இரத்தமும் கேட்பார்கள். பரம்பரைப் பிறழ்வு இருப்பதாகத் தெரிந்தால் உங்கள் சகோதரியும் சித்தியும் மரபணு ஆலோசனை பெற வேண்டியிருக்கும். மருந்துச் செலவில் எது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு முகப்பில் கேளுங்கள். வளர்சிதை மாற்ற மருந்துச் சோதனை எதிலேனும் சேர முடியுமா என்று பார்க்க, இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். தொலைபேசியில் பேசும்போது அறுவை நடந்த தேதியையும் திசு அறிக்கையின் எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்கைத் தேடி எடுப்பதற்கு அந்த எண்தான் வேண்டும்.